சூப்பர்வைசரைக் காணவில்லை

மார்ச் 3, செவ்வாய்

டயர் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி. இரண்டு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. இன்று தொடங்குகிறேன். தலையில் ஒரு பெரிய பொறுப்பு விழுந்திருக்கிறது, இந்த மாதிரி நாளில்தான் பெரிய மனிதர்கள் டைரி எழுதத் தொடங்குவார்களாம். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எட்டையே இரண்டு வருடம் படித்தேன், கூட்டினால் ஒன்பது வருகிறது.

அக்கா காலை ரயிலில் மகன் ஊருக்குப் போய்விட்டாள். முழங்கால் ஆபரேஷன். மூன்று வாரத்துக்கு இந்த வீடு, செடிகள், தபால், பூனை எல்லாம் என் ஆட்சி. டயர் கடை மாடியில் இருக்கும் என் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியோடு வந்து இறங்கியாயிற்று.

ரயில் நிலையத்தில் இருந்தபோது அந்த மகன், என் மருமகன், போனில் சொன்னான்: "மாமா, ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா இங்கேயே இருக்கட்டும். அந்த வீட்டைக் குடுத்துடலாம். தனியா என்ன பண்றாங்க அங்கே?" அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கி, "சூப்பர்வைசரை யாரு பாத்துப்பா? மூணு வாரம், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் என்பது பூனை. அக்கா முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். அங்கே இருந்த சூப்பர்வைசர் மாதிரியே இந்தப் பூனையும் நாம் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விடுகிறதாம். அதனால் அந்தப் பெயர். எனக்கும் அதற்கும் அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் மிருகங்கள் என்னைக் கண்டால் உருகிவிடும். ஒரு முறை போலீஸ் நாயே எனக்குக் கை கொடுத்திருக்கிறது.

அக்கா ஒரு தாளில் குறிப்பு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். ஒன்று, பின்கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும். இரண்டு, உன் வண்டி எதையும் என் வீட்டுக் கொல்லைக்குள் கொண்டுவரக் கூடாது. மூன்று, காலை ஏழு, மாலை ஏழு சாப்பாடு. நான்கு, செடிக்குத் தண்ணீர். இதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா? இருபத்தாறு வருடமாகப் பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர் நான். எத்தனை பேருடைய வாழ்க்கை என் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது!

மார்ச் 4, புதன்

பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். கடைசியில் அதுதான் கண்ணைத் திருப்பிக்கொண்டது. (இடது கண்ணைத்தான். அதில் வெள்ளை விழுந்திருக்கிறது, அது பார்த்ததா பார்க்கவில்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.)

மார்ச் 6, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மருமகன் காலையில் பேசினான். கடவுள் புண்ணியம். நான் மனதில் நினைத்தபடியே நடந்தது.

மாலை ஒரு சின்ன விஷயம். பூனை வெளியே போயிருக்கிறது. பின்கதவு திறந்துகொண்டது. காற்று. இன்று நல்ல காற்று. பசித்தால் வந்துவிடும்.

ஏழு மணிக்குத் தட்டில் மீன் வைத்தேன்.

மார்ச் 7, சனி

வரவில்லை. மீன் அப்படியே இருக்கிறது.

காலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட், பஸ் நிலையம், பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று ஏழு கிலோமீட்டர் சல்லடை போட்டேன். தேடுவது என்றால் அப்படித் தேட வேண்டும். நாலு முக்கில் நிறுத்தி, "சூப்பர்வைசர்! சூப்பர்வைசர்!" என்று கூப்பிட்டேன். வங்கி வாசலில் சீருடை போட்ட ஒருவர் ஓடி வந்து, "என்ன சார், என்ன ஆச்சு?" என்றார். அவர் காவலாளிகளுக்கு சூப்பர்வைசராம். பூனை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "பூனைக்கா சார் அந்தப் பேரு?" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

மாலை ஏழரை மணிக்கு அக்கா போன். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வலி மாத்திரை. முதல் கேள்வியே, "சூப்பர்வைசர் சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா அக்கா. தட்டை நக்கிட்டு இன்னும் கேக்கறா" என்றேன்.

நோயாளியிடம் வேறு என்ன சொல்வது?

மார்ச் 8, ஞாயிறு

நோட்டீஸ் தயார்! என்னைத் தவிர வேறு யாராலும் இப்படி எழுத முடியாது. இருபத்தாறு வருட விளம்பர அனுபவம். இங்கே ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன்:

"காணவில்லை! உயர் ஜாதிப் பெண் பூனை. வெள்ளி போல் மின்னும் நிறம். மரகதக் கண்கள். சிறகு போன்ற வால். இளமைத் தோற்றம், கம்பீர நடை. ஒரே கை வளர்ப்பு. எந்த அடியும் படாதது. பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வரும். கண்டவர் உடனே அழைக்கவும்."

கடைசியில் என் நம்பர், பெரிய எழுத்தில்.

படம் வேண்டுமே? அக்காவின் போன் அக்காவிடம். வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் பூனையின் முதுகு மட்டும் தெரிகிறது, அதுவும் பாதி திரைச்சீலைக்குப் பின்னால். ஃப்ரிட்ஜ் மேல் பூனைத் தீனிப் பாக்கெட் இருந்தது. அதில் ஒரு பூனை நிற்கிறது பாருங்கள், ராணி மாதிரி! கத்தரித்து ஒட்டிவிட்டேன். புது வண்டிப் படத்தைப் போட்டுப் பழைய வண்டியை விற்பது எங்கள் தொழிலில் சகஜம்தான். ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால் போதும், நாலு கால், இரண்டு காது.

வாலின் நுனி ஒடிந்திருப்பதையும் வயிறு தொங்குவதையும் எழுதவில்லை. குறையை எழுதினால் யார் தேடுவார்கள்?

மார்ச் 9, திங்கள்

அறுபது பிரதி. காலையிலிருந்து ஒட்டினேன். மருந்துக்கடை, டயர் கடை, பஸ் நிறுத்தம் என்று ஓர் இடம் விடவில்லை. அக்கா வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தெரு, அங்கே மூன்றாவது கடை சலவைக் கடை. அந்த அம்மாள் தன் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டச் சொன்னாள். நின்று முழுதும் படித்தாள்.

"பெரிய இடத்துப் பூனை போல" என்றாள்.

"பெரிய இடம்தான்மா."

"எங்க கடைக்குக்கூட ஒண்ணு..." என்று ஏதோ தொடங்கினாள்.

"அம்மா, இது சாதாரணப் பூனை இல்ல. இதோட பரம்பரையே வேற" என்று நான் விளக்கினேன். பரம்பரையைச் சொல்லி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பாவம், வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

மார்ச் 11, புதன்

போன் மேல் போன். என் நோட்டீஸின் சக்தி அப்படி! இதுவரை பதினொன்று. அதில் ஏழு பேர் "என்ன விலை சொல்றீங்க?" என்று கேட்டார்கள். ஒருவர் குட்டி போட்டால் தனக்கு ஒன்று வேண்டும் என்று முன்பதிவு செய்தார். ஒரு பெண்மணி வெள்ளைவெளேர் என்று பஞ்சு மூட்டை மாதிரி ஒரு பூனையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். நோட்டீஸில் இருப்பது இதுதானே என்று கேட்டாள். சத்தியமாக, படத்தில் இருந்தது அதுதான்.

இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு இப்போது கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது...

சே. என்ன புத்தி இது.

மார்ச் 12, வியாழன்

மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் கெட்டி. காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னாள். நானும் பழைய பில் ஒன்றின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

"பயந்து ஓடின வீட்டுப் பூனை தூரமா போகாது சார். பத்து வீட்டுக்குள்ள, ஏதாவது இடுக்குல, மூச்சுக் காட்டாம உக்காந்திருக்கும். தெருவுல நின்னு கத்தாதீங்க. விடியக்காலையில அமைதியா நடந்து, குனிஞ்சு பாருங்க. மூட்டை, சாக்கு, படிக்கட்டுக்கு அடியில. அது படுத்த துணியை வாசல்ல வையுங்க. அக்கம்பக்கத்துல ஷெட், கடை எல்லாம் தொறந்து காட்டச் சொல்லுங்க. யாராவது இங்கே கொண்டுவந்தா நாங்க சொல்றோம்."

"நான் ஏழு கிலோமீட்டர் தேடினேன் டாக்டர்."

"ஏழு வீடு தேடினீங்களா?"

அதற்குள் ஒரு நாய் உள்ளே வந்துவிட்டது, பதில் சொல்ல நேரமில்லை.

போகும்போது இன்னொன்று சொன்னாள். "நோட்டீஸ்ல எல்லா அடையாளத்தையும் போட்டுடாதீங்க. ஒண்ணை மறைச்சு வையுங்க. யாராவது என்கிட்ட இருக்குன்னு சொன்னா சோதிக்க உதவும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று என்ன, எல்லாவற்றையுமே மறைத்து வைத்திருக்கிறேனே! படிக்காமலே எனக்கு இந்த அறிவு. நோட்டீஸைக் கொண்டுபோயிருந்தால் டாக்டரம்மா அசந்திருப்பாள். பிரதி தீர்ந்துவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

பூனை படுத்த துணியை வாசலில் வைத்தேன். பக்கத்து வீட்டு நாய் வந்து அதில் படுத்துக்கொண்டது.

அக்கா போனில் இன்று தெம்பாகப் பேசினாள். பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தாளாம். மருமகன் வீட்டு விற்பனை பற்றி மறுபடி எடுத்திருக்கிறான், யாரோ வந்து விலை கேட்கிறார்களாம். "எம் பூனை அங்கே காத்துக்கிட்டு இருக்குடா, நான் போகணும்னு சொல்லிட்டேன். அவனுக்கு அதுக்கு மேல பேச வழி தெரியல" என்று சிரித்தாள். பிறகு, "இப்போ என்ன பண்றா?" என்றாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "என் மடியிலதான் அக்கா உக்காந்திருக்கா. தடவிக் குடுத்துக்கிட்டே பேசறேன். சுருண்டு தூங்கறா" என்றேன்.

"அப்படியா" என்றாள். மாத்திரை நேரம் என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 14, சனி

ஏழு மணிக்குத் தட்டு வைக்கிறேன். ஏழரைக்கு எடுக்கிறேன். இந்த வீட்டில் இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கடிகாரம் மட்டும். அக்கா தினமும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரோடு பேசியிருப்பாள்?

மார்ச் 15, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஏழரை மணிக்கு போன். நான் வழக்கம்போல, "சாப்பிட்டா அக்கா, இப்போதான்..." என்று தொடங்கினேன்.

"டேய்" என்றாள். "எப்போ போனா?"

"யாரு?"

"முப்பது வருஷம் காதுல போனை மாட்டிக்கிட்டு உக்காந்தவ நான். யாரு சண்டை போட்டுட்டுப் பேசறா, யாரு அழுதுட்டுப் பேசறா, யாரு பொய் பேசறான்னு லைன் போட்ட உடனே தெரியும். முதல் நாளே உன் பேச்சுல சந்தேகம். சரி, வயசானவன், ரெண்டு நாள்ல அவனே சொல்லுவான்னு விட்டேன். முந்தாநேத்து மடியில உக்காந்திருக்கான்னே பாரு. பதினோரு வருஷத்துல அவ என் மடியிலேயே உக்காந்ததில்லடா."

எந்த வாடிக்கையாளரும் என்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

"வெள்ளிக்கிழமை போனா அக்கா. போன வாரத்துக்கு முந்தின வெள்ளி... இல்ல, போன வெள்ளிக்கு முந்தின... உனக்கு ஆபரேஷன் அன்னைக்கு."

"எப்படி?"

காற்று என்று சொல்ல வாய் வந்தது. இந்த டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. நடந்தது இதுதான்: பேக்கரிக்காரர் வண்டி பார்க்க வந்தார். அக்கா கூடாது என்ற கொல்லையில்தான் வண்டியை நிறுத்தியிருந்தேன். டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியது என்று சொல்லிக்கொண்டே, காப்பி கொடுக்க உள்ளே போய், பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, கிக்கரில் ஒரே உதை. சைலன்சரில் ஓட்டை. வெடிச்சத்தம் மாதிரி இருந்தது. என் காலுக்கு நடுவில் ஏதோ சாம்பலாகப் போயிற்று. அடுத்து பின்சுவர் மேல் வால் தெரிந்தது. அப்புறம் வால் தெரியவில்லை. பேக்கரிக்காரர், "சார், பூனை" என்றார். "அது வந்துடும், நீங்க சத்தத்தைக் கேளுங்க" என்றேன்.

அக்காவிடம் இதை அப்படியே சொன்னேன்.

"எந்த வண்டியில போய்த் தேடினே?"

"...அதே வண்டியிலதான்."

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "நான் வீட்டுக்கு வந்தா இனிமே யாரைடா திட்டறது? இவன் கேட்டா என்னன்னு சொல்றது, எதுக்குத் திரும்பிப் போறேன்னு?"

'நான் இருக்கேன் அக்கா' என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. நான் இருந்துதானே பூனை போயிற்று.

நோட்டீஸைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மரகதக் கண்கள் வரை கேட்டாள். "நிறுத்து. பேனா எடு. நான் சொல்றதை மட்டும் எழுது. ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது."

எழுதினேன். எக்ஸ்சேஞ்சில் தந்தி வாசகம் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அழகாக இருக்காது" என்ற இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"அக்கா, இதுவுமா? இப்படி எழுதினா எடுத்து வெச்சிருக்கறவங்ககூடத் துரத்திடுவாங்க."

"நாம என்ன வண்டியா விக்கறோம்? அவளைப் பாத்தவங்க 'இவதான்'னு சொல்லணும். அதுக்குத்தான் நோட்டீஸ். அவ எப்படி இருக்காளோ அப்படி எழுது."

எழுதி முடித்ததும், "திரும்பப் படி" என்றாள். படித்தேன். இடது கண் வரும் இடத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன்.

"இன்னொண்ணு. இதை எழுதாதே, உனக்கு மட்டும். கூப்பிட்டா வர மாட்டா. பிஸ்கட் டப்பா மூடியை மூணு தட்டுத் தட்டினா வருவா. ஒன்பதாவதா எழுதி வெச்சிருக்கேனே, படிக்கலையா?"

"நாலுதானே அக்கா இருக்கு?"

"தாளைத் திருப்பினியா?"

ஃப்ரிட்ஜ் வரை போய்த் திருப்பினேன். பின்பக்கம் ஐந்திலிருந்து பதினொன்று வரை. ஏழாவது: 'அவளுக்குச் சத்தம் ஆகாது.'

மார்ச் 16, திங்கள்

விடியற்காலையில் எழுந்து பின்தெருவில் நடந்தேன். வண்டியில்லாமல். குனிந்து பார்த்தேன், நாலு படிக்கட்டு, இரண்டு ஷெட். என் முதுகு கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இடம் போதாது.

கடை திறந்ததும் புது நோட்டீஸ் முப்பது பிரதி. படம் இல்லை. இதையும் பிரதி எடுத்து வைக்கிறேன்:

"பூனை காணவில்லை. பெண். வயது பதினொன்று. அழுக்குச் சாம்பல் நிறம். இடது கண்ணில் வெள்ளை விழுந்திருக்கும். வால் நுனி ஒடிந்து கொக்கி போல் இருக்கும். வயிறு தொங்கும். அழகாக இருக்காது. தூக்கினால் பிறாண்டும். என் கவனக்குறைவால் மார்ச் 6 மாலை பயந்து ஓடிவிட்டது. இதன் சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வருகிறார்."

'என் கவனக்குறைவால்' என்பதை அக்கா சொல்லவில்லை. ஒரு வார்த்தை சேர்க்காதே என்றாள், நான் இரண்டு சேர்த்துவிட்டேன். பழக்கதோஷம்.

முதலில் சலவைக் கடை. பழைய நோட்டீஸ் மேல் புதியதை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் உள்ளிருந்து கண்ணாடி வழியாகத் திருப்பிப் படிக்கப் பார்த்து, முடியாமல் வெளியே வந்தாள். விரலை வைத்துப் படித்தாள். கொக்கி என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஐயோ, இது நம்ம ஓசியாச்சே!"

"யாரும்மா ஓசி?"

"பத்து நாளா உள்ளே ஓசிச் சாப்பாடு சாப்பிடுதே, அது! யாரும் வாங்க வராத துணி மூட்டை ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பூந்துக்கிட்டு வர மாட்டேங்குது. அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேனே, எங்க பேச விட்டீங்க? இந்தக் கதவைத் தொறந்து தொறந்து தினம் உங்க மரகதக் கண்ணைப் படிச்சிட்டுத்தான் அதுக்குச் சோறு வெச்சேன். பாவம், யாரோ ராணியைத் தேடறாங்க, உன்னைத் தேட யாரு இருக்கான்னு அதுகிட்டயே சொன்னேன்."

நான் உள்ளே பாய்ந்தேன். அம்மாள் கையை விரித்து வழியை மறித்தாள்.

"இருங்க சார். அந்த நோட்டீஸும் நீங்க எழுதினதுதான், இந்த நோட்டீஸும் நீங்க எழுதினதுதான். ரெண்டுல ஒண்ணு பொய். எதை நம்பி உங்ககிட்ட குடுக்கறது? இதுல எழுதாத அடையாளம் ஏதாவது சொல்லுங்க பாப்போம்."

வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை நம்பியிருக்கிறார்கள், நம்பியிருக்கக் கூடாத விஷயத்தில்கூட. உண்மை பேசும் நாளில் ஒருத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"அஞ்சு நிமிஷம்மா" என்று வீட்டுக்கு ஓடினேன். நடந்தேன். வேகமாக நடந்தேன். பிஸ்கட் டப்பாவோடு திரும்பினேன். கடைக்குள் சோப்பு வாசனை, நீராவி, அலமாரி முழுக்க மடித்த சட்டைகள். மூலையில் பெரிய வெள்ளை மூட்டை, வாய் கட்டாமல். தரையில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. மூடியில் மூன்று தட்டு.

ஒன்றுமில்லை. அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன்.

இன்னும் மூன்று.

மூட்டை அசைந்தது. யாரோ ஒருவருடைய பச்சைச் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு காது. பிறகு வெள்ளை விழுந்த கண். பிறகு மெதுவாக எல்லாம். தொங்கும் வயிறு, ஒடிந்த வால். நேராக வந்தாள். என்னைத் தாண்டி, டப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, நான் தட்டுவது சரியில்லை என்பதுபோல் பார்த்தாள்.

"உங்களுதுதான்" என்றாள் அம்மாள்.

"எங்க அக்காவோடது" என்றேன்.

துணிக் கூடையில் வைத்து மேலே ஒரு போர்வை போட்டுக் கொடுத்தாள். வழியெல்லாம் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். மூன்று இடத்தில் பிறாண்டல். உண்மையாகவே மூன்றுதான், எண்ணிப் பார்த்தேன்.

மாலை ஏழு மணிக்குத் தட்டை வைத்துவிட்டு நானே போன் செய்தேன். "அக்கா, கிடைச்சுட்டா" என்றேன். "ம்ம்" என்றாள். நம்பவில்லை போலிருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போனைக் கொண்டுபோய்த் தட்டுப் பக்கத்தில் தரையில் வைத்தேன். சூப்பர்வைசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூச்சுக்கூட விடுவதில்லை, என்ன கேட்கும்? ஒரு நிமிடம் கழித்துப் போனிலிருந்து அக்கா குரல்:

"தட்டைத் தள்ளிக்கிட்டே சாப்பிடறா. சுவத்துல இடிக்குது. அவதான்."

மார்ச் 17, செவ்வாய்

பழைய நோட்டீஸ் அறுபதையும் கிழிக்கக் கிளம்பினேன். ஐம்பத்திரண்டுதான் கிடைத்தது. ஒன்றை வங்கி வாசல் சூப்பர்வைசர் கேட்டு வாங்கிக்கொண்டார், வீட்டில் காட்டுவதற்காம்.

மார்ச் 19, வியாழன்

பேக்கரிக்காரர் வண்டி விஷயமாக மறுபடி வந்தார். வண்டி இப்போது தெருமுனையில் நிற்கிறது. சைலன்சர் ஓட்டை, முன் பிரேக் கொஞ்சம் தளர்ச்சி, ஓட்டியது டாக்டர் இல்லை, தபால் கொடுக்கிறவர், எல்லா நாளும் ஓட்டினார் என்று சொன்னேன். அவர் பயந்துபோய், "உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்றார். வண்டியை எடுக்கவில்லை. உண்மை சொன்னால் வியாபாரம் நடக்காது என்று நான் இவ்வளவு நாள் சொன்னது சரிதான்.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள். மருமகன் காரில் கொண்டுவந்து விட்டான். கையில் ஊன்றுகோல், படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றாள். கூடத்தில் பூனை இருந்தது. ஊன்றுகோலை மோந்து பார்த்தது. அக்காவைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"கொழுப்பைப் பாரு" என்றாள் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. உட்கார்ந்த உடனே இரண்டு பேரையும் திட்டத் தொடங்கினாள், யாருக்கு எது என்று பிரிக்க முடியாதபடி. செடி காய்ந்திருந்தது எனக்கு. சோபா கிழிந்திருந்தது அவளுக்கு என்று நினைக்கிறேன்.

மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "இந்தப் பூனைக்காகவா மாமா அம்மா திரும்பி வராங்க?"

வழக்கமாக இருந்தால் இந்தப் பூனையின் பரம்பரையைச் சொல்லியிருப்பேன்.

"ஆமாம்பா" என்றேன். "அது இங்கேதான் இருக்கும்."

அவன் வீட்டு விற்பனைப் பேச்சை எடுக்காமல் காரிலிருந்து அக்காவின் மூட்டையை இறக்கினான்.

மார்ச் 29, ஞாயிறு

சலவைக் கடை அம்மாள் பூனையைப் பார்க்க வந்தாள். "ஓசி!" என்று கூப்பிட்டாள். வரவில்லை. அக்கா "சூப்பர்வைசர்!" என்றாள். வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமை, யார் கூப்பிட்டாலும் அவள் வர மாட்டாள், அந்த விஷயத்தில் நாங்கள் மூவரும் சமம்.

அவர்கள் இரண்டு பேரும் வெளியே பேசிக்கொண்டிருந்தபோது நான் கூடத்தில் இந்த டைரியோடு உட்கார்ந்திருந்தேன். டப்பா தட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவளாகவே வந்தாள். வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

இல்லை. மடிக்குப் பக்கத்தில். ஒரு முழம் தள்ளி.